‘ராஹஃப்’: ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்தில் வரும் அரிய எபிரெய வினைச்சொல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தச் சொல்லைப் பற்றியது?

‘தேவ ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடிக்கொண்டிருந்தார்’ என்று ஆதியாகமம் 1:2 முடிகிறது. இதில் ‘அசைவாடிக்கொண்டிருந்தார்’ என்பதற்கு எபிரெய மூலத்தில் நிற்கும் சொல் ‘மெரஹெஃபெத்’. ரேஷ், ஹேத், பே என்னும் மூன்று மெய்களாலான வேரிலிருந்து அது பிறந்தது. அகராதிகளில் இந்த வேரை ‘ராஹஃப்’ என்ற தலைச்சொல்லின் கீழ்த் தேட வேண்டும். எபிரெய வேதாகமம் முழுவதிலும் மிகச் சில இடங்களில் மட்டுமே வருவதால், இதன் பொருள் என்ன என்பது குறித்து சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளாகவே விளக்கங்கள் எழுதப்பட்டு வருகின்றன.

வேதாகமத்தில் எத்தனை இடங்களில் இந்த வினைச்சொல் வருகிறது?

மூன்றே இடங்களில். முதலாவது மேலே சொன்ன ஆதியாகமம் 1:2. இரண்டாவது, மோசேயின் பாட்டில் வரும் உபாகமம் 32:11. அங்கே கழுகு ‘தன் கூட்டைக் கலைத்து, தன் குஞ்சுகளின்மேல் அசைவாடி’ அவற்றைச் சுமப்பதுபோலக் கர்த்தர் தம் ஜனத்தை நடத்தினார் என்று சொல்லப்படுகிறது. மூன்றாவது எரேமியா 23:9. பொய்த் தீர்க்கதரிசிகளை நினைத்து நொறுங்கிப்போன எரேமியா, ‘என் எலும்புகளெல்லாம் அதிருகிறது’ என்று கதறும் இடம் அது. முதல் இரண்டு இடங்களிலும் ஒரே வினைவடிவம் வருகிறது. மூன்றாவது இடத்தில் வடிவம் வேறு, பொருளும் சற்று வேறு.

‘மெரஹெஃபெத்’ என்பதன் இலக்கணம் என்ன? அதனால் பொருளில் ஏதாவது மாறுகிறதா?

மாறுகிறது. எபிரெயத்தில் ஒரே வேர் பல வினைவடிவங்களை எடுக்கும். ‘மெரஹெஃபெத்’ அவற்றுள் ‘பியேல்’ எனப்படும் வடிவத்தைச் சேர்ந்தது. இவ்வடிவத்தில் வேரின் நடுமெய் இரட்டிக்க வேண்டும். ஆனால் ‘ஹேத்’ தொண்டையில் பிறக்கும் ஒலி என்பதால் எழுத்தில் இரட்டிப்பதில்லை. பியேல் வடிவம் பல வினைகளில், திரும்பத் திரும்ப நிகழும் செயலைக் காட்டும். சிறகு அடித்துக்கொண்டே இருப்பதற்கு அது பொருத்தமான வடிவம்தான்.

அதைவிட முக்கியமானது, இது வினையெச்சமோ முற்றோ அல்ல, தொடர்நிகழ்வைக் காட்டும் பெயரெச்ச வகை வடிவம் என்பது. முதல் அதிகாரத்தில் ‘சொன்னார்’, ‘கண்டார்’, ‘பிரித்தார்’ என்று செயல்கள் ஒவ்வொன்றாக நடந்து முடிகின்றன. அவை தொடங்கும் முன்பே, இருளும் ஆழமும் மட்டுமே இருந்த வேளையில், இந்த ஒரு செயல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. தமிழில் ‘கொண்டிருந்தார்’ என்னும் துணைவினை இந்தத் தொடர்ச்சியை அப்படியே பிடித்திருக்கிறது.

இச்சொல் பெண்பால் வடிவில் இருப்பதற்குக் காரணம், ஆவி என்று பொருள்படும் ‘ரூவாஹ்’ எபிரெயத்தில் இலக்கணப்படி பெரும்பாலும் பெண்பாற்சொல்லாக வருவதே. இதை மட்டும் வைத்து இறையியல் முடிவு எதற்கும் வந்துவிட முடியாது. எபிரெயத்தில் நகரமும் நிலமும்கூடப் பெண்பாற்சொற்களே.

இந்த வேர் எவ்வளவு பழமையானது? எபிரெயத்துக்கு வெளியே காணப்படுகிறதா?

சிரியாவின் மத்தியதரைக் கடற்கரையில், ராஸ் ஷாம்ரா என்ற மேட்டுக்கு அருகே 1928இல் ஓர் உழவர் நிலத்தை உழுதபோது ஒரு பழைய கல்லறை தென்பட்டது. அடுத்த ஆண்டே குளோத் ஷேஃபர் தலைமையில் பிரெஞ்சு அகழாய்வு தொடங்கியது. வெளிப்பட்ட நகரம் உகாரித்து. அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் இருந்த மொழி எபிரெயத்துக்கு நெருங்கிய உறவுமொழி. கி.மு. 14, 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அப்பலகைகளில் அக்காத் என்ற இளைஞனின் கதையும் ஒன்று.

அக்காத்திடம் தேவகைவினைஞன் செய்த வில் ஒன்று இருக்கிறது. அனாத் என்ற போர்த்தெய்வம் அதைக் கேட்க, அவன் மறுக்கிறான். அவள் யத்பான் என்ற அடியாளை ஒரு வேட்டைப்பறவைபோல் ஏவுகிறாள். அக்காத் உணவுண்ண அமரும்போது அவன் தலைக்கு மேலே கழுகுகள் ‘ராஹஃப்’ செய்கின்றன, அவற்றினிடையே அனாத்தும் ‘ராஹஃப்’ செய்கிறாள் என்று பாடல் சொல்கிறது. அவன் கொல்லப்பட்ட பின் அவன் தந்தை தானேலின் வீட்டுக்கு மேலேயும் கழுகுகள் அவ்வாறே வட்டமிட, அதைப் பார்த்து அக்காத்தின் தங்கை புகாத் அழுகிறாள்.

இந்தச் சான்றின் மதிப்பு பெரிது. இங்கே பறவைக்கு வரும் பெயர் ‘நெஷெர்’. உபாகமம் 32:11இல் கழுகுக்கு வரும் பெயரும் அதே ‘நெஷெர்’தான். ஆகவே ‘நெஷெர்’ என்ற பறவையும் ‘ராஹஃப்’ என்ற வினையும் இஸ்ரவேலின் பாடல்களுக்கு முன்பே கானானிய கவிதை மரபில் இணைந்து வழங்கியவை என்று தெரிகிறது. உகாரித்து எழுத்தில் இவ்வேரின் நடுமெய் ‘க்ஹ்’ என்ற உரசொலியாக நிற்கிறது. எபிரெயம் அதையும் ‘ஹ்’ ஒலியையும் ஒரே எழுத்தால் குறித்ததால், வேரின் பழைய உச்சரிப்பை உகாரித்துதான் காட்டித் தருகிறது.

அக்காத் கதையில் முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை, தாய்ப்பாசமும் இல்லை. கொல்ல வந்த பறவைகளுக்கும் இதே வினை பயன்படுகிறது. எனவே வினையின் அடிப்படைப் பொருள், ஒன்றின்மேல் சிறகடித்தபடி, விலகாமலும் அமராமலும் நிற்பது. அது அன்பினாலா, வேட்கையினாலா என்பதை வாக்கியத்தின் சூழலே சொல்லும்.

அப்படியானால் ‘அடைகாத்துக்கொண்டிருந்தார்’ என்று பல பிரசங்கங்களில் கேட்கும் விளக்கம் எங்கிருந்து வந்தது?

சுரியானி மொழியிலிருந்து. அரமேயத்தின் கிளையான சுரியானியில் இதே வேர் வாழும் சொல்லாக நெடுங்காலம் வழங்கியது. அங்கே அது பறவை சிறகடிப்பதையும், குஞ்சுகளை மூடி அணைப்பதையும், பரிவுடன் இரங்குவதையும் குறிக்கும் அளவுக்கு விரிந்தது. சுரியானி வேதாகமமான பெஷித்தாவும் ஆதியாகமம் 1:2இல் இதே வேரையே வைத்திருக்கிறது.

கி.பி. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கப்பதோக்கியாவின் ஆயரான பசீலியு, சிருஷ்டியின் ஆறு நாட்களைப் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவுகளில், இது தம்முடைய கருத்தன்று, ஒரு சிரிய அறிஞருடையது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, பறவை தன் உடலால் முட்டைகளை மூடி உயிர்ச்சூட்டை ஊட்டுவதுபோல் ஆவியானவர் தண்ணீருக்கு உயிராற்றல் ஊட்டினார் என்று விளக்கினார். வேதாகமத்தை இலத்தீனில் பெயர்த்த எரோணிமுவும் ஆதியாகமத்தைப் பற்றிய தம் எபிரெயக் குறிப்புகளில் இச்சொல்லை ‘அடைகாத்தது’ என்றோ ‘சூடேற்றிக் காத்தது’ என்றோ பெயர்க்கலாம் என்று எழுதினார். அகுஸ்தீனும் ஒரு சிரியக் கிறிஸ்தவரின் விளக்கமாக இதை எடுத்துச் சொல்கிறார். இப்படித்தான் சுரியானிச் சொல்லின் பொருள் கிரேக்க, இலத்தீன் உரைகளின் வழியே உலகம் முழுவதும் பரவியது.

நம் காலத்தில் இதைப் பரப்பியது பெரும்பாலும் ஸ்ட்ராங் சொல்லடைவு, அதாவது மூலமொழிச் சொற்களுக்கு எண்ணிட்டுப் பொருள் தரும் ஆங்கில வேதாகமத் துணைநூல். 1890இல் வெளியான அதில் 7363ஆம் எண்ணின் கீழ் இந்த வேருக்கு முதற்பொருளாக ‘அடைகாத்தல்’ என்பதே கொடுக்கப்பட்டிருக்கிறது. உகாரித்துப் பலகைகள் வெளிப்படுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட குறிப்பு அது. இன்றும் கைப்பேசிச் செயலிகளில் அந்த எண்ணைத் தட்டிப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பழைய குறிப்பே முதலில் கிடைக்கிறது. தொகுத்தவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர் காலத்தில் கையில் இருந்த சான்று அவ்வளவுதான்.

எபிரெய வேதாகமத்துக்குள்ளேயே இதற்கு எதிரான சான்று இருக்கிறது. அடைகாப்பதற்கு எபிரெயத்தில் வேறு சொற்கள் உண்டு. எரேமியா 17:11இல் கவுதாரி முட்டையிட்டு ‘அவயங்காத்தும்’ குஞ்சுபொரிக்காமற்போவதைப் பற்றிய பழமொழியில் வரும் வினை ‘தாகர்’. உபாகமம் 22:6இல் தாய்ப்பறவை குஞ்சுகளின்மேலோ முட்டைகளின்மேலோ அடைகாத்திருப்பதற்கு, படுத்திருத்தல் என்று பொருள்படும் ‘ராபத்ஸ்’ என்ற வினை வருகிறது. இந்த இரண்டும் அமர்ந்திருக்கும் பறவையைக் காட்டுகின்றன. ‘ராஹஃப்’ செய்யும் பறவையோ காற்றில் இருக்கிறது. ஆகவே ‘அடைகாத்தல்’ என்பதைச் சுரியானித் திருச்சபையின் ஆழ்ந்த தியானமாகப் போற்றலாம். எபிரெயச் சொல்லின் நேர்ப்பொருளாகச் சபையின்முன் அறிவிப்பது சரியன்று.

உபாகமம் 32:11இல் கழுகு உண்மையில் என்ன செய்கிறது?

அங்கே பறவைக்குக் கீழே இருப்பவை ‘கோஸாலாவ்’, அதாவது அதன் குஞ்சுகள். முட்டை பொரிந்தாயிற்று. தாய்ப்பறவை அவற்றின்மேல் சிறகடித்து நிற்கிறது, செட்டைகளை விரிக்கிறது, எடுத்துச் சுமக்கிறது. நெருங்கி வந்து காப்பதும், அதே சமயம் குஞ்சுகளுக்கு இடம் விட்டு நிற்பதும் இந்த ஒரே அசைவில் அடங்கியிருக்கின்றன. ‘நெஷெர்’ என்பது கழுகையும் பிணந்தின்னிக் கழுகையும் சேர்த்தே குறிக்கும் சொல். மீகா 1:16இல் அதன் மொட்டைத் தலை பேசப்படுவதால் பிந்தையதே பல இடங்களில் பொருந்தும் என்று பலர் கருதுகின்றனர்.

இந்தப் பாட்டுக்கும் சிருஷ்டி வரலாற்றுக்கும் உள்ள உறவை ஒரு சிறு விவரம் வலுப்படுத்துகிறது. பூமி ‘ஒழுங்கின்மையும் வெறுமையுமாய்’ இருந்தது என்னும் இடத்தில் வரும் ‘தோஹூ’ என்ற சொல், வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களான ஐந்தாகமங்களில் இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அது உபாகமம் 32:10, அதாவது கழுகின் உவமைக்குச் சரியாக முந்திய வசனம். கர்த்தர் யாக்கோபைப் பாழான வனாந்தரத்தில் கண்டார் என்று அது சொல்கிறது. ஐந்தாகமங்களின் தொடக்கத்தில் பாழும் ‘ராஹஃப்’பும் ஒன்றாக வந்து, முடிவுக்கு அருகில் மறுபடியும் ஒன்றாக வருகின்றன. இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வெறுமையின்மேல் அசைவாடியவரே வனாந்தரத்தில் ஒரு ஜனத்தின்மேலும் அசைவாடினார் என்று இரண்டு இடங்களையும் சேர்த்து வாசிப்பதே அவற்றுக்கு நியாயம் செய்வதாகும்.

எரேமியா 23:9இல் வருவதும் இதே வேர்தானா?

இதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. அங்கே வினை ‘கால்’ எனப்படும் எளிய வடிவில் வருகிறது. எலும்புகள் நடுங்குகின்றன என்று கொண்டால், சிறகின் படபடப்பும் எலும்பின் நடுக்கமும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை எனலாம். கிரேக்க மொழிபெயர்ப்பும் இலத்தீனும் நடுங்குதல், அசைதல் என்றே கொண்டன. ஆனால் மாவு தளர்ந்து நீர்த்துப்போவதைக் குறிக்கும் ஓர் அரபு வேருடன் இதை இணைத்து, எலும்புகள் வலுவிழந்து தளர்ந்தன என்று பொருள்கொண்டு, இரண்டையும் தனித்தனி வேர்களாகப் பதிவுசெய்த அகராதிகளும் உண்டு. அதே வசனத்தில் எரேமியா தம்மை மதுவால் மேற்கொள்ளப்பட்டவனோடு ஒப்பிடுகிறார். குடித்தவனிடம் நடுக்கமும் உண்டு, தளர்ச்சியும் உண்டு. எனவே வசனம் இரண்டு பொருளுக்கும் இடம் தருகிறது.

ஆதியாகமம் 1:2இல் வருவது ஆவியா, காற்றா?

‘ரூவாஹ்’ என்ற சொல் காற்று, மூச்சு, ஆவி மூன்றையும் குறிக்கும். பழைய யூத அரமேய மொழிபெயர்ப்பான ஒன்கெலோஸ் தர்கூம் இங்கே ‘வீசிக்கொண்டிருந்தது’ என்ற வினையைப் பயன்படுத்துகிறது. சுரியானித் திருச்சபையின் பெரும் கவிஞரான எப்ரேமே தம் ஆதியாகம உரையில் இதைப் படைக்கப்பட்ட காற்று என்றுதான் விளக்கினார். 1962இல் வெளியான அமெரிக்க யூத மொழிபெயர்ப்பும் தேவனிடமிருந்து வந்த காற்று என்றே பெயர்த்தது. தேவன் என்று பொருள்படும் ‘எலோஹிம்’ என்பதை மிகுதிப்பொருளாக எடுத்து, ‘பெருங்காற்று’ என்று சொன்ன விளக்கவுரையாளர்களும் உள்ளனர்.

வினைச்சொல்லை ஊன்றிக் கவனித்தால் ‘பெருங்காற்று’ என்ற விளக்கம் நிற்பதில்லை என்பது என் முடிவு. சூறைக்காற்று ஒன்றின்மேல் ‘ராஹஃப்’ செய்யாது, அதை அடித்துக் கடந்து செல்லும். ஜலப்பிரளயத்தின் முடிவில் தேவன் பூமியின்மேல் காற்றை வீசச்செய்தார் என்னும் ஆதியாகமம் 8:1இல், கடந்து செல்லுதலைக் குறிக்கும் வேறொரு வினையே வருகிறது. மேலும் ‘ரூவாஹ் எலோஹிம்’ என்ற தொடர், யோசேப்பைப் பற்றிய ஆதியாகமம் 41:38, பெசலெயேலைப் பற்றிய யாத்திராகமம் 31:3 போன்ற இடங்களில் தேவ ஆவியையே தெளிவாகக் குறிக்கிறது.

சாக்கடல் அருகே பழைய யூதச் சுருள்கள் கிடைத்த கும்ரான் குகைகளிலிருந்தும் ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. நான்காம் குகையில் கிடைத்த 521 என எண்ணிடப்பட்ட எபிரெயத் துண்டு, கர்த்தருடைய ஆவி எளியவர்கள்மேல் ‘ராஹஃப்’ செய்யும் என்று எதிர்கால நம்பிக்கையைப் பாடுகிறது. இயேசுவின் காலத்துக்கு முன்பே யூதர்கள் இந்த வினையை ஆவியோடும் இரக்கத்தோடும் இணைத்து வாசித்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

யூத ரபிகள் இச்சொல்லை எப்படி விளக்கினார்கள்?

ரபிகளின் போதனைகளைத் தொகுத்த பாபிலோனியத் தல்மூதின் ஹகிகா பகுதியில், பென் ஸோமா என்ற அறிஞர் மேலுள்ள நீருக்கும் கீழுள்ள நீருக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருப்பதாக ஒரு நிகழ்ச்சி வருகிறது. அந்த இடைவெளி மூன்று விரல் அளவே என்று சொல்லும் அவர், அதற்குச் சான்றாக இந்த வசனத்தைக் காட்டி, புறா தன் குஞ்சுகளின்மேல் தொடாமல் அசைவாடுவதுபோல என்கிறார். இதே நிகழ்ச்சியைச் சொல்லும் தொசெஃப்தா என்ற மற்றொரு ரபித் தொகுப்பு, புறாவுக்குப் பதிலாக உபாகமத்தின் கழுகை வைத்து, தொட்டும் தொடாமலும் என்கிறது. ‘தொடாமல்’ என்ற அந்த ஒரு சொல்லில், வினையின் உள்ளத்தை ரபிகள் சரியாகத் தொட்டுவிட்டார்கள். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் திருவா நகரில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி, மகிமையின் சிங்காசனம் காற்றில் நின்று, கூட்டின்மேல் அசைவாடும் புறாவைப்போல் நீரின்மேல் அசைவாடியது என்று எழுதி, தம் வாசகருக்காகப் பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றையும் சேர்த்தார்.

பழைய மொழிபெயர்ப்புகளும் தமிழ் மொழிபெயர்ப்புகளும் என்ன செய்தன?

எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பு ஆதியாகமத்தில் ‘மேலே கொண்டுசெல்லப்பட்டது’ என்றும், உபாகமத்தில் ‘குஞ்சுகள்மேல் ஏங்கியது’ என்றும் இரு வேறு வினைகளைப் போட்டது. எரோணிமு தம் குறிப்புகளில் அடைகாத்தலைப் பற்றி எழுதியிருந்தும், தம் இலத்தீன் வேதாகமமான வுல்காத்தாவில் கிரேக்கத்தை ஒட்டிய பழைய இலத்தீன் வினையையே வைத்துக்கொண்டார். இதனால் இரண்டு இடங்களிலும் இருப்பது ஒரே சொல் என்பது அந்த மொழிகளின் வாசகருக்குத் தெரியாமல் போயிற்று.

தமிழில் அந்த இழப்பு நேரவில்லை. ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழியில் வரும் பழைய திருப்புதல், ஆதியாகமத்திலும் உபாகமத்திலும் ‘அசைவாடு’ என்ற ஒரே வினையை வைத்திருக்கிறது. எபிரெயம் அறியாத தமிழ் வாசகரும் ஒன்றைக் கேட்டவுடன் மற்றொன்றை நினைவுகூர முடியும். கத்தோலிக்கத் திருவிவிலியத்தின் தொடக்கநூலிலும் ‘அசைந்தாடு’ என்ற நெருங்கிய வினையே இருக்கிறது.

‘ரெஹெம்’ (கருப்பை), ‘ரஹமீம்’ (இரக்கம்) என்னும் சொற்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. அவற்றின் மூன்றாம் மெய் ‘மேம்’, இதன் மூன்றாம் மெய் ‘பே’. முதல் இரண்டு மெய்கள் ஒத்திருப்பதால் மட்டும் வேர்கள் உறவாகிவிடுவதில்லை. ‘ரூவாஹ்’ என்பதோடும் வேருறவு கிடையாது. ஆயினும் ‘ரூவாஹ்… மெரஹெஃபெத்’ என்று வாய்விட்டு வாசிக்கும்போது ரேஷும் ஹேத்தும் மறுபடி மறுபடி ஒலிப்பது காதில் விழும். அந்த ஓசைநயம் எழுத்தாளர் அறிந்தே செய்ததாக இருக்கலாம்.

இச்சொல் இன்றும் வழக்கில் இருக்கிறதா?

இருக்கிறது, இரண்டு வகையில். சுரியானி வழிபாட்டு மரபில், அப்பத்தின்மேலும் கிண்ணத்தின்மேலும் ஆவியானவர் இறங்கும்படி மன்றாடும்போது குருவானவர் தம் கைகளை அவற்றின்மேல் சிறகைப்போல் அசைப்பார். அவ்வசைவுக்குச் சுரியானியில் ‘ருஹாஃபா’ என்று பெயர். கேரளத்தின் மலங்கரை சுரியானி சபைகளின் திருப்பலியில் இதை நேரில் காணலாம்.

இஸ்ரேலில் பேசப்படும் நவீன எபிரெயத்தில் ‘ரிஹூஃப்’ என்றால் மிதந்து நிற்றல். இவ்வேரிலிருந்தே நீரின்மேல் காற்றுமெத்தையில் செல்லும் ஊர்திக்கு ‘ரஹெஃபெத்’ என்றும், ஆளில்லாமல் பறக்கும் ட்ரோனுக்கு ‘ரஹ்ஃபான்’ என்றும் பெயர்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன.